மாடியில் காயும் திரைச்சீலை

"சார், கெஸ்ட் அவுஸ் மாடியில திரைச்சீலை காயுது."

கட்டுப்பாட்டு அறைப் பொறுப்பாளர் தொலைபேசியில் சொன்னதும் மேலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"வெள்ளையா, பூப்போட்டதா?"

"வெள்ளை சார்."

"அப்ப ஃபில்டரைப் போடுங்க. வேடிக்கை பாத்துட்டு நிக்காதீங்க."

அந்த அனல் மின் நிலையத்தில் இது எழுதாத சட்டம். காற்றைச் சோதிக்கும் அதிகாரி சொல்லிக்கொண்டு வரமாட்டார். ஆனால் அவர் தங்கப்போகும் விருந்தினர் விடுதிக்கு மட்டும் எப்படியோ மூக்கில் வியர்த்துவிடும். வெள்ளைத் திரைச்சீலைகளைத் துவைத்து மாடியில் காயப் போடுவார்கள். அதைப் பார்த்ததும் இங்கே சாம்பலைப் பிடிக்கிற ஃபில்டரை ஓடவிடுவார்கள். மற்ற நாட்களில் அது தூங்கும். ஓடினால் மின்சாரத்தை அல்லவா தின்னும்? விற்கிற பாலை வீட்டுப் பூனைக்கு ஊற்ற யாருக்கு மனசு வரும்?

ஃபில்டர் தூங்கினால் புகைபோக்கி துப்புகிற சாம்பல் காற்றோடு கிழக்கே போகும். கிழக்கே தொழிலாளர் குடியிருப்பு. மேலாளரும் மற்ற அதிகாரிகளும் மேற்கே குடியிருந்தார்கள். அந்தப் பக்கம் காற்று திரும்பியதே இல்லை. காற்றுக்கும் ஆள் தெரியும் போலிருக்கிறது.

மேலாளர் விடுதிக்கு ஓடினார். வாசலில் விடுதிப் பொறுப்பாளர் நின்றிருந்தார்.

"எல்லாம் தயாரா?"

"தயார் சார். யாரு வர்றாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"தெரியாம இருக்குமா?"

உண்மையில் இவருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வாய்விட்டுக் கேட்டால், தலைமை அலுவலகம் தன்னை மதித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது அம்பலமாகிவிடும். இருவரும் மண்டையை மண்டையை ஆட்டிக்கொண்டார்கள்.

மேலாளர் மாடி ஏறியபோது சலவைக்காரம்மா கடைசித் திரையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒரு வார்த்தை. இன்னைக்குக் கொஞ்சம் முன்னாடி வீட்டுக்குப் போகட்டுங்களா? பொண்ணுக்கு மூச்சு இழுக்குது. படுக்க முடியாம உக்காந்தே தூங்குறா. நாளைக்கு அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை ஆரம்பம். உங்க பொண்ணு கிளாஸ்தாங்க."

"அதிகாரி வர்ற நேரத்துல போறேன்னு நிக்கிறியேம்மா. இதையெல்லாம் யாரு பாக்குறது?"

"அதுவும் சரிதாங்க."

இவ்வளவு சுலபமாக அவள் அடங்கிப்போனது மேலாளருக்கே பாவமாக இருந்தது. அவருக்குப் பாவம் வந்தால் அறிவுரையும் கூடவே வரும்.

"வீட்டுல அடுப்புப் புகை சேரக் கூடாதும்மா. எம் பொண்ணைப் பாரு. பொறந்ததுலேருந்து ஒரு தும்மல் கிடையாது."

"எங்க வீட்டுலயும் கேஸ் அடுப்புதாங்க."

"அப்ப கொசுவத்தியா இருக்கும்" என்று நோயைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

மறுநாள் அதிகாரி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. திரைச்சீலைகள் மட்டும் தினமும் மாடியில் ஆடின.

"நிறுத்திடலாமா சார்?" என்று கட்டுப்பாட்டு அறை கேட்டது.

"திரை இறங்கட்டும். நாம நிறுத்துற நேரம் பாத்து வந்து நின்னார்னா யார் பதில் சொல்றது?"

ஒருமுறை சலவைக்காரம்மாவிடமே கேட்டுப் பார்த்தார். "எத்தனை தடவைம்மா துவைப்பே?"

"வெள்ளைத் துணிங்க. ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் உங்களுக்குத்தானே கெட்ட பேரு."

மேலாளருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு விசுவாசமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் திரைகள் இறங்கின. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று மேலாளர் மூச்சு விட்டார். ஃபில்டர் மறுபடி தூங்கப் போனது.

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள்: "அப்பா, பரீட்சை முடிஞ்சுது. இந்த வாரம் பூராவும் சிட்டு ஒரு தடவைகூட இருமவே இல்லை. கணக்குப் பரீட்சையில எனக்கு முன்னாடி எழுதி முடிச்சுட்டா."

"யாரு சிட்டு?"

"கெஸ்ட் அவுஸ்ல துணி துவைக்கிறாங்களே, அவங்க பொண்ணு."

"பாத்தியா? கொசுவத்தியை நிறுத்தியிருப்பாங்க. நான்தான் சொன்னேன்."

"அடுத்த மாசம் ஓட்டப்பந்தயத்துக்கும் பேர் குடுத்திருக்கா. மூச்சு இழுக்கிற பிள்ளை எப்படி ஓடும்னு டீச்சர் யோசிச்சாங்க. அவங்க அம்மா நேர்ல வந்து, அன்னைக்கு அவளுக்கு ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்புன்னு சொல்லிட்டாங்க."

"அதெப்படி ஒரு மாசம் முன்னாடியே சொல்ல முடியும்? விவரம் தெரியாதவங்க" என்று மேலாளர் சிரித்தார்.

ஓட்டப்பந்தயத்துக்கு முதல் நாள் காலை, அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது.

"சார், கெஸ்ட் அவுஸ் மாடியில திரைச்சீலை காயுது. இந்தத் தடவை மெத்தை விரிப்பு, தலையணை உறை எல்லாமே காயுது. வர்றது ரொம்பப் பெரிய அதிகாரி போலிருக்கு."