குனியாத ஊற்று

வெள்ளைக்கார துரை ஒருவர் கட்டிய நீரூற்று அது. நான்கு இரும்பு நாரைகளுக்கு நடுவே தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு எழும். அவருடைய எஸ்டேட் பங்களா இப்போது ஹோட்டல். ஊற்றுக்குத் தண்ணீர் வரும் அதே குழாயில்தான் சரிவில் இருக்கும் தோட்டக்காரன் சன்னாசி வீட்டுக்கும் தண்ணீர். அங்கே குழாயைத் திறந்தால் இங்கே ஊற்று குனியும். நிறைமாதமாய் வீட்டில் தனியே இருக்கும் மனைவி பேச்சியை அவன் இங்கிருந்தே பார்த்துக்கொள்வான். ஊற்று நெடுநேரம் குனிந்தால் குடம் பிடிக்கிறாள். விட்டுவிட்டுக் குனிந்தால் பாத்திரம் கழுவுகிறாள்.

"நாளைக்குக் கல்யாண ஜோடி போட்டோ எடுக்க வருது. தண்ணி எறங்கக் கூடாது. மத்தியானம் வரைக்கும் குழாயத் தொடக் கூடாதுன்னு உன் சம்சாரத்துக்கிட்ட சொல்லிடு" என்றார் மேனேஜர்.

"சரிங்க சார்."

மறுநாள் ஆறு மணிக்கு அவன் கிளம்பும்போது பேச்சி தூங்கிக்கொண்டிருந்தாள். ஏழு மணிக்குத் தண்ணீர் நிமிர்ந்து நின்றது. எட்டுக்கும் நின்றது. சன்னாசி ஒரே ரோஜாச் செடியை மூன்றாம் தடவை கத்தரித்தான். அதில் வெட்ட இனி ஒன்றுமில்லை. ஒன்பதுக்கு மணமக்கள் வந்து சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஊற்று ஒரு விரல்கூடத் தாழவில்லை.

மேனேஜர் அவன் தோளைத் தட்டினார். "பரவால்லயே, உன் சம்சாரம் சொன்ன பேச்சக் கேக்குதே!"

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுச் சன்னாசி சரிவில் ஓடத் தொடங்கினான். பேச்சியிடம் அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை.