பலகையில் நேராக வெட்டியது

திரையில் என் தூண் வந்து நின்றது.

ஆற்றுப் பாலத்தின் நான்காம் தூண். தண்ணீர் வற்றினால்தான் அதன் அடிப்பக்கம் வெளியே தெரியும். அதைத்தான் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டினார் மேடையில் பேசிய ஆய்வாளர். கான்கிரீட்டில் புடைத்து நிற்கும் மூன்று உருவங்கள். மேலே முப்பது வருஷப் பாசி.

பக்கத்து நாற்காலியில் என் மனைவி வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் முதலில் சமுதாயம் பற்றி ஒருவர் பேசினார், அடுத்து சிந்தனை பற்றி ஒருவர். சமுதாயத்துக்குக் கொட்டாவி விட்டாள். சிந்தனைக்குக் கண்ணை மூடினாள். வரலாறு வந்தபோது குறட்டை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின நாள் முழுக்க மூன்றாவது மாடிக்கு ஜல்லி சுமந்தவள்.

இந்த இலக்கியத் திருவிழாவுக்கு நாங்கள் வந்ததே மண்டப வாசலில் இருந்த அறிவிப்புப் பலகையால்தான். வேலைக்குப் போகிற வழியில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். ‘நம் பாலத்தைக் கட்டியது யார்?’

“நான்தான்” என்றேன்.

“அப்ப ஞாயித்துக்கிழமை உள்ள போய்ச் சொல்லிட்டு வாங்க. பாவம், தெரியாமத் தவிக்கிறாங்க” என்றாள் அவள்.

சொல்ல வேண்டியதை ஆய்வாளரே சொல்லிவிட்டார். கட்டியது மந்திரியும் இல்லை, பொறியாளரும் இல்லை, கூலிக்காரர்கள் என்றார். எனக்குத் தலை நிமிர்ந்தது. அடுத்து அவர் சொன்னதில் குனிந்துவிட்டது.

“இவை எழுத்தாக இருக்குமோ என்று எட்டு மாதம் தேடினேன். எந்த மொழியிலும் இல்லை. எழுத்தறியாத யாரோ விளையாட்டாகச் செய்தது. அடுத்த மாதம் வரும் என் புத்தகத்தில் ‘பொருளற்றவை’ என்றே குறித்திருக்கிறேன்.”

பொருளற்றவை.

எழுத்தறியாதவன் என்றது சரி. அன்றைக்கு எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நான் சென்ட்ரிங் வேலைக்காரன். கான்கிரீட் ஊற்றும் முன் சுற்றிலும் பலகை அடித்து அச்சு கட்டுகிறவன். அந்த மூன்று எழுத்தையும் மேஸ்திரியிடம் சீட்டில் எழுதி வாங்கி, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் பலகையின் உள்பக்கம் உளியால் வெட்டினேன். படம் பார்த்து வரைகிற மாதிரி, ஒரு சுழி விடாமல். விளையாட்டு இல்லை.

ஐம்பத்தேழு வயதில், தொழிலாளர் சங்கத்துக் கட்டடத்தில் எழுதப் படிக்கக் கற்றேன். முதல் வேலையாகத் தூணைப் பார்க்கப் போனேன். படிக்க முடியவில்லை. வாத்தியார் வேறு ஏதோ பாஷையைக் கற்றுக்கொடுத்து ஏமாற்றிவிட்டார் என்று திட்டிக்கொண்டே திரும்பினேன். அப்புறம் ஒரு நாள், சவரம் செய்யும்போது, கண்ணாடியில் என் பனியன் எழுத்தைப் பார்த்தேன். சிரித்த சிரிப்பில் கன்னத்தைக் கிழித்துக்கொண்டேன்.

“கேள்வி இருந்தால் கேட்கலாம். கேள்வி மட்டும். கருத்து வேண்டாம்” என்றார் கூட்டத்தை நடத்தியவர்.

என்னிடம் இருந்தது கேள்வியும் இல்லை, கருத்தும் இல்லை. கையைத் தூக்கினேன்.

மைக் வந்தது. கலவைச் சட்டியைவிடக் கனம்.

“ஐயா, அந்தப் படத்தைத் திருப்பிப் போடுங்க.”

அவர் தலைகீழாகத் திருப்பினார். மண்டபம் சிரித்தது. “நாற்காலி அடுக்க வந்தவர்கிட்ட எவன்யா மைக்கைக் குடுத்தது?” என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். காதில் விழுந்தது. விழட்டும். உட்கார்ந்துவிடலாமா என்றுகூட இருந்தது. உட்கார்ந்தால் அந்த ஒரு சொல் புத்தகத்தில் ஏறிவிடும்.

“தலைகீழா இல்லீங்க. கண்ணாடியில தெரியுமே, அப்படி. இடத்தை வலமாக்குங்க. பலகையில நான் நேராத்தான் வெட்டுனேன். கான்கிரீட்டுல திரும்பி விழுந்துடுச்சு.”

“நீங்க வெட்டுனீங்களா?” என்றார் ஆய்வாளர்.

“நாலாம் தூணுக்குப் பலகை அடிச்சது நான்தாங்க. பலகையில இருக்கிறது மாறித்தான் விழும்னு நல்லாத் தெரியும். எழுத்துக்கும் இடம் வலம் உண்டுன்னுதான் தெரியல.”

சிரிப்பு நின்றது.

ஆய்வாளர் கணினி மேல் குனிந்தார். ஏதோ ஒன்றைத் தட்டினார். இல்லை. இன்னொன்றைத் தட்டினார். இல்லை. யாரோ இருமினார்கள். மூன்றாம் முறை, படம் ஒரு வெட்டு வெட்டித் திரும்பியது.

மூன்று எழுத்தும் நேராக நின்றன. பாசி இருந்தது. கோணல் இல்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிடும்.

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எட்டு மாசம்” என்று தனக்குள் சொன்னது மைக்கில் எல்லோருக்கும் கேட்டது. பிறகு என்னைப் பார்த்து, “அந்தப் பக்கத்தைக் கிழிச்சிட்டு வேற எழுதுறேங்க” என்றார்.

அப்புறம் திரையைப் பார்த்து அதை வாசித்தார். முன்வரிசையும் சேர்ந்துகொண்டது. அடுத்து நானூறு பேரும், வகுப்பில் பாடம் ஒப்பிப்பது போல, மண்டபம் அதிர, ஒரே குரலில்.

பக்கத்து நாற்காலி தடாலென்று பின்னால் நகர்ந்தது.

என் மனைவி அரக்கப்பரக்க எழுந்து நின்று, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டே, அத்தனை பேரையும் சுற்றிப் பார்த்தாள்.

“இங்கதான் இருக்கேன்! எதுக்குங்க எல்லாருமா என்னையக் கூப்பிடுறீங்க?”