கதவுக்குப் பின்னால் ஓர் ஆள்

சம்ரீனின் கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதிருக்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

அழ நியாயம் இருந்தது. ஹாலிதுடன் பேசி முடித்த நிக்காஹை நிறுத்திவிடத்தான் அவளுடைய தென்னூர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள்.

கூட்டத்துக்குத் தலைமை அவளுடைய பெரியத்தா கியாசுதீன். மருந்துக்கடை வைத்திருக்கிறார். டாக்டர்களெல்லாம் தம்மிடம் படித்துவிட்டுப் போனவர்கள் மாதிரி பேசுவார்.

ஹாலித், அவர் தங்கை ஷரபுன்னிசாவின் மகன். மொசாம்பிக்கில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வந்ததிலிருந்து தூக்கமில்லை. கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கிறார் என்று அலறுகிறான்.

ஓதிப் பார்க்கலாம் என்றவர்களைக் கியாசுதீன் ஒரு சிரிப்பிலேயே உட்கார வைத்தார். இது விஞ்ஞான காலம். இது மூளைக் கோளாறு. பரம்பரையில் வருவது.

“யாரு பரம்பரைண்ணே, நம்மளதா?” என்று கேட்டாள் ஷரபுன்னிசா.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

நேற்று மட்டும் பிள்ளை விடியும்வரை அயர்ந்து தூங்கினான் என்றும் அவள் சொல்லிப் பார்த்தாள். அதுவும் அந்த நோயில் ஒரு கட்டம்தான் என்றார்.

தம் பங்கில் குறை வைக்கவில்லை என்பதையும் விளக்கினார். அங்கே கம்பெனி கொடுத்த மலேரியா மாத்திரையை ஊர் வந்த பிறகும் சில வாரம் போட வேண்டும். பையன் முரண்டு பிடித்தும், ஞாயிறுதோறும் தாமே போய் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொடுத்துவிட்டு வந்தார். கோர்ஸைப் பாதியில் விடுவது படிக்காதவன் வேலை.

சம்ரீனின் அத்தா, அண்ணன் பேச்சைத் தட்டாதவர், தலையாட்டிவிட்டார். முடிந்தது.

சம்ரீன் எழுந்தாள். முக்காட்டைச் சரிசெய்தாள். அழப்போகிறாள் என்று யாரோ தண்ணீர் நீட்டினார்கள்.

“ரெண்டு வாரமா அந்த மாத்திரைய மச்சான் முழுங்கல, பெரியத்தா. நீங்க வாசல் தாண்டினதும் அவரு கையிலேருந்து வாங்கி நான்தான் முழுங்கிப் பாத்தேன். அவருக்குத் தூக்கம் வந்துடுச்சு. அந்த ஆளு இப்ப எங்க வீட்டுல வந்து நிக்கிறாரு.”

ஷரபுன்னிசா அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அந்தக் கண்களை அப்போதுதான் எல்லாரும் சரியாகப் பார்த்தார்கள்.

கியாசுதீன் மட்டும் மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தார்.