ஒரு அடி முன்னால்

"கண்ணைத் திறங்க" என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் விபரீதம் உறைத்தது. அதற்கு முன் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியத்தை அவர் சொல்லவில்லை.

அந்தப் பயிற்சியின் விதி எளியது. அலுவலகத்தார் எல்லோரும் சுவரோரம் ஒரே வரிசையில் கண்ணை மூடி நிற்க வேண்டும். அவர் ஒரு கேள்வி கேட்பார். ஆமாம் என்பவர்கள் ஓர் அடி முன்னால் வரலாம். பிறகு, "எல்லாரும் பின்னால சுவர் வரைக்கும் போங்க" என்பார். அதன் பிறகே கண்ணைத் திறக்கலாம். முன்னால் வந்தவர் யார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்த முறை கேள்வி இது: "இங்கேருந்து விட்டாப் போதும், போயிடலாம்னு மனசுக்குள்ள இருக்கறவங்க?"

வரிசையின் கடைசியில் ஸ்டோர்கீப்பர் ஓர் அடி முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

வரிசையின் நடுவிலிருந்து முதலாளி அவரையே பார்த்தார்.

காலைத் தேநீரின்போதே முதலாளி பயிற்சியாளரை ஓரமாக அழைத்து, போகிற எண்ணத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று கேட்டிருந்தார். பயிற்சியாளர் சிரித்து மழுப்பியிருந்தார். போன வாரம் வேறு இடத்துக்கு நேர்காணலுக்குப் போய்வந்த ஒருவரை அன்றே கணக்கு முடித்து அனுப்பியவர் முதலாளி.

ஸ்டோர்கீப்பரின் இரண்டு பிள்ளைகளும் அந்தச் சம்பளத்தில்தான் படிக்கிறார்கள்.

கதவு சாத்தியிருந்தது. ஜன்னல் இல்லாத ஹால். அவருக்கு முன்னால் போகவும் வழி தெரியவில்லை, பின்னால் போகவும் வழி தெரியவில்லை. எடுத்து வைத்த கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றார்.

"ஓஹோ. நீங்களா?" என்றார் முதலாளி.

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள். ஸ்டோர்கீப்பருக்குப் பக்கத்தில், தோளோடு தோளாக, பயிற்சியாளரின் மனைவியும் நின்றிருந்தாள்.

ஊர் ஊராக அவரோடு போகிறவள் அவள். நாற்காலி போடுவாள், போன்களைக் கூடையில் வாங்கி வைப்பாள், இந்தப் பயிற்சியின்போது வரிசையின் ஓரத்தில் தானும் கண்ணை மூடி நிற்பாள். "இது என் டீம்" என்று அவளைக் காட்டி அவர் அறிமுகப்படுத்துவார்.

"நீங்க எங்க ஸ்டாஃப் இல்லையே மேடம். நீங்க எங்க போறதா உத்தேசம்?" என்று முதலாளி அவளைக் கேட்டார்.

அவள் ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"அண்ணன் தனியா நிக்கிறாரே சார். துணைக்கு நிக்கிறேன்."

"அப்ப நானும் துணைக்கு" என்று கணக்குப் பிரிவு அம்மாள் முன்னால் வந்தாள். "இவர் போயிட்டா மதியம் எனக்கு ஃபேனுக்குக் கீழ யாரு இடம் பிடிச்சு வைப்பா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டிரைவர் வந்தார். டைப் அடிக்கும் பெண் வந்தாள். ஒவ்வொருவராக வரிசை முழுவதும் ஓர் அடி நகர்ந்துவிட்டது. சுவரோரம் முதலாளி மட்டும் மிஞ்சினார்.

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"எல்லாரும் போயிட்டா நான் மட்டும் உக்காந்து ஈ ஓட்டவா?" என்று தானும் ஓர் அடி வைத்தார். ஸ்டோர்கீப்பரின் தோளில் கை போட்டார். "குறை என்னன்னு நாளைக்கு என் ரூமுக்கு வந்து சொல்லுங்க. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

இக்கட்டில் பக்கத்தில் நிற்கக் கடவுள் யாரையாவது வைத்திருப்பார். அந்த ஹாலில் எல்லோரும் அன்று அப்படித்தான் எண்ணிக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்தது. கணவனும் மனைவியும் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். வீட்டுக்குப் போனால் அடுத்த வாரத்துக்கான ஒத்திகை. அடுத்த வாரம் வேறு ஹால்.

ஸ்டோர்கீப்பர் மட்டும் திரும்பி வந்து கைகூப்பினார்.

"உங்களாலதான் தங்கச்சி இன்னிக்குத் தப்பிச்சேன்."

"நான் என்னண்ணே பண்ணேன்..."

"கண்ணை மூடி நிக்கிறப்போ எனக்குக் காலே எழும்பல. பக்கத்துல உங்க செருப்புச் சத்தம் கேட்டுச்சு. நீங்க முன்னாடி போனீங்க. அதுக்கப்புறம்தான் எனக்குத் தைரியம் வந்துச்சு."

அவர் போய்விட்டார்.

அவள் கையில் ஒரு நாற்காலி. அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் நின்றாள். கணவனின் பக்கம் திரும்பவில்லை.

அவர் மெதுவாக வந்து நாற்காலியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஹாலில் கண்ணைத் திறந்து வைத்திருந்தவர் அவர் ஒருவர்தானே.

இத்தனை வருடங்களில் அந்த வாக்கியத்தை அவர் மறந்ததே இல்லை. இன்றும் மறக்கவில்லை. அவளைப் பார்த்துப் பின்னால் போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.