காசை எடு!

"துரோகி! ஞாயித்துக்கிழமை தவறாம என் வீட்டுல வறுத்த கோழி தின்னுட்டு, என் கேப்டனைப் பத்தி வாஷிங்டனுக்குக் கடுதாசி போட்டிருக்கே!"

ஓய்வுபெற்ற சார்ஜென்ட் ஹார்லன் டிப்டன் போட்ட சத்தத்தில் முன்னாள் வீரர்கள் மன்றத்தின் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எதிரே நின்ற வேட் கின்ச்லோவுக்கும் தொண்டை சின்னதில்லை.

"நான் எழுதல சார்ஜென்ட்! கேப்டனோட தேர்தல் போர்டை என் வாசல்ல நட மாட்டேன்னு சொன்னேன், அவ்வளவுதான். கையைத் தூக்கிட்டு சரணடைஞ்ச ரெண்டு பேரை சுட்டவருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஓட்டு கேக்கறது?"

"பாத்தீங்களா, அவன் வாயாலேயே வந்திடுச்சு!" என்றது பக்கத்து மேஜை.

பிக்ஸ்லி ஊரில் பாதிப் பேர் பட்டாளம், மீதிப் பேர் பட்டாளத்துக்குச் சம்பந்தி. அவர்கள் பெற்றெடுத்த வீரப் புதல்வர் கேப்டன் ப்ராக் டில்லரி செனட் தேர்தலில் நிற்கிறார். ஹார்லன் வாசலில் இருந்த கேப்டன் படம் வாசலைவிடப் பெரியது. இருட்டினால் அதற்குத் தனி விளக்கு வேறு.

வந்தது வினை. போர்முனையில் கேப்டன் கைதிகளைச் சுட்டதைக் கண்ணால் பார்த்ததாக யாரோ செனட் விசாரணைக் குழுவுக்கு எழுதிவிட்டார்கள். "எழுதியவர் பெயரைச் சொல்ல மாட்டோம். அதே பிரிவுக்காரர் என்பதற்கு அடையாளமாகத் தன் பட்டாளக் காசையும் இணைத்திருக்கிறார்" என்று டிவியில் சொல்லிவிட்டார் குழுத் தலைவி.

அந்தக் காசு கடையில் செல்லாது. ஊர் திரும்பிய அன்று கர்னல் கைகுலுக்கி, ஹார்லன், வேட் உள்பட அந்தப் பிரிவில் ஆளுக்கு ஒன்று கொடுத்தது. குளிக்கப் போனாலும் கூடவே இருக்கும்.

ஊர் வேடைத்தான் முறைத்தது. லாரி டயரில் இரண்டு தடவை காற்று இறங்கியது. ஹார்லன் மகள் லியானுக்கும் அவனுக்கும் ஜூனில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. இப்போது அது நடக்குமா என்று ஊரே பந்தயம் கட்டியது.

"அப்பா, போதும், விடுங்க" என்றாள் லியான், கண் கலங்க.

"நீ சும்மா இரு! துரோகிக்கெல்லாம் பொண்ணு குடுக்க முடியாது. கேப்டன்கூடப் போன பயலுக எல்லாரும் இங்கதானே இருக்கீங்க? காசை எடுங்கடா!"

'காசை எடு' என்று ஒருவர் கூப்பிட்டால் எல்லோரும் எடுத்தாக வேண்டும். காசில்லாதவன் அத்தனை பேருக்கும் பீர் வாங்க வேண்டும். எல்லோரிடமும் இருந்துவிட்டால் கூப்பிட்டவர் வாங்க வேண்டும். இன்றைக்குப் பீரோடு முடியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

ஹார்லன்தான் முதலில் அடித்தார். டொக்! உள்ளங்கையை மேஜையிலிருந்து எடுக்காமல் ஒவ்வொருவராக முறைத்தார்.

டொக். டொக். டொக். ஆறு காசுகள் விழுந்தன. வேட் ஒரு பாக்கெட்டைத் துழாவினான். பிறகு இன்னொன்றை.

"என்ன தம்பி, வாஷிங்டன்ல தேடணுமோ?" என்றான் ஒருவன்.

வேட் குனிந்து, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து, உள்ளிருந்து காசை எடுத்து மேஜை நடுவில் வைத்தான்.

"கல்யாணம் வரைக்கும் தொலையக் கூடாதுன்னு உள்ளே போட்டிருந்தேன்."

ஒருத்தர் விடாமல் திருப்பிப் பார்த்தார்கள். அசல்தான். பின்னால் யாரோ, "அப்ப அந்தக் கடுதாசி?" என்று இழுத்தார்கள்.

"வேற ஊர்க்காரன் எவனாவது எழுதியிருப்பான். நம்ம பயலுக தங்கம்" என்று உள்ளங்கையில் இருந்ததைச் சட்டைப் பைக்குள் தள்ளினார் ஹார்லன். "டார்லா, எல்லாருக்கும் ஒரு பீர். நான் தோத்துட்டேன்."

மதுக்கூடத்து டார்லா வாய் பிளந்தாள். பிறந்தநாளுக்குக்கூடத் தண்ணீர் குடித்துவிட்டு நகர்கிற ஆசாமி, முகம் சுளிக்காமல் முப்பது பேருக்கு வாங்குகிறார்!

மறு வாரமே வேடின் லாரிக்கு யாரோ புது டயர் மாட்டியிருந்தார்கள். விசாரணை சூடு பிடித்ததும் கட்சி கேப்டனைக் கைகழுவியது. அவர் இப்போது ஓட்டுக்கு அலையவில்லை, வக்கீலுக்கு அலைகிறார். வேடும் லியானும் ஜூனில் கல்யாணம் முடித்து, ஜூலையில் ஒரிகனுக்குக் குடிபோய்விட்டார்கள். அவன் அங்கே சட்டம் படிக்கிறானாம். டார்லாவும் நாற்பத்தாறு வயதில் தபால்காரரைக் கட்டிக்கொண்டாள்.

லியானின் கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மணப்பெண்ணின் இடது ஷூவுக்குள் அப்பா ஒரு காசு வைப்பது வழக்கம்; பட்டாள வீடென்றால் பட்டாளக் காசு. தேவாலய வாசலில் காலை உறுத்துகிறதென்று லியான் ஷூவைக் கழற்றிக் குலுக்கினாள். விழுந்தது, சில்லறையாகக் கிடைக்கிற வெறும் கால் டாலர்.

"அப்பா, உங்க காசு எங்கே?"

ஹார்லன் இருபுறமும் பார்த்தார். பூங்கொத்துக்குப் பின்னால் டார்லாவின் காது இருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

"வாஷிங்டன்ல இருக்கும்மா. கடுதாசியோட சேத்து நான்தான் அனுப்பினேன்."