கேக் தட்டுக்கு அடியில்

அம்மா நீதிபதியாகப் பதவியேற்று இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கறுப்பு அங்கியைக் கழற்றாமலே கேக் வெட்டக் கத்தியை எடுக்கிறாள். யார் பக்கமும் சாயமாட்டேன் என்று அவள் சொன்ன உறுதிமொழி இன்னும் என் காதிலேயே இருக்கிறது. அவளுடைய அண்ணன், என் பெரிய மாமா, தட்டுக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகுகிறார். ஏதோ வழக்கு எண். "நம்ம ஆளுதான்மா. கொஞ்சம் பாத்துக்கோ." அப்பா மின்விசிறியை அண்ணாந்து பார்க்கிறார். சித்தி கைதட்டிக்கொண்டே இருக்கிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அம்மா கத்தியைக் கீழே வைக்கிறாள். சீட்டை உருவி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி அந்த எண்ணை வாசிக்கிறாள். கைதட்டல் நிற்கிறது. "இந்த வழக்கு என்கிட்ட வந்தா நான் விசாரிக்க மாட்டேண்ணா. ஏன் விலகுறேன்னு எழுதிக் குடுக்கணும். உங்க பேரைப் போட்டே எழுதுவேன்."