மாடி அறையில் ஒருத்தி

கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்க, உள்ளறையில் என் அக்கா ரைஹானா லாத்தா செல்பேசியில் விளையாடிக்கொண்டிருந்தாள். இறந்துபோன மாமி ஒருத்தி நம் பேருக்கு எழுதிவைத்த வீட்டுக்குள் போய்ப் பார்க்கிற விளையாட்டு அது. ஒவ்வொரு கதவிலும் இரண்டு பொத்தான்கள் வரும்; ஒன்றைத் தொட வேண்டும். மாடி அறையில் ஒருத்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ‘கூப்பிடு’, ‘கதவைச் சாத்து’ என்று வந்தது.

“பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றது கூடத்தில் ஒரு குரல்.

“அவகிட்ட என்னத்தக் கேக்குறது? நான் சொன்னா சரிதான்” என்றார் வாப்பா. எல்லோரும் சிரித்தார்கள்.

“சாத்திடு லாத்தா, பயமா இருக்கு” என்றேன்.

அவள் ‘கூப்பிடு’ என்பதைத் தொட்டாள்.

“ரைஹானா, முக்காட்டைச் சரிபண்ணிட்டு வா!” என்று உம்மா அழைத்தார்.

“இருங்க உம்மா, இவ மூஞ்சியப் பாத்துட்டு வர்றேன்.”

உம்மா வாசல் திரைச்சீலையை விலக்கியபோது, செல்பேசியில் அந்தப் பெண் பாதி திரும்பியிருந்தாள்.